திருவண்ணாமலையில் ஒரு கைப்பிடி மல்லாட்டை

என் இரண்டு பெட்டிகளில் ஒன்றில்தான் துணி இருந்தது. மற்றொன்று முழுக்க, மகளுக்குப் பிடிக்கும் என்று நான் கட்டி எடுத்து வந்தவை. பொரித்த நெத்திலி, மரவள்ளிச் சீவல், வீட்டில் இடித்த மசாலைத் தூள், பரீட்சைக் காலத்தில் நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலம். திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் அவற்றை இறக்கிவைத்து நிமிர்ந்தால், எதிரே மலை. மலேசியாவில், எங்கள் தெலுக் இந்தானில் அண்ணாந்து பார்க்க இருப்பது சாய்ந்த மணிக்கூண்டு ஒன்றுதான். அதையும் கொஞ்ச நேரத்துக்குமேல் பார்த்தால் நம் கழுத்தும் சாய்ந்துவிடும். இந்த மலை யாரையும் பொருட்படுத்தாமல் நேராக நின்றது. எல்லோரும் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. என் பிள்ளையை எங்கே வைத்திருக்கிறாய் என்றுதான் மனம் அதைக் கேட்டது.

பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. பெயர் வாசுகி. எங்களுக்கு ஒரே மகள். தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பியிருந்தோம், மூன்றாம் ஆண்டு. இரண்டு மாதங்களுக்கு முன்பு கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாணவி எட்டு மாதமாக வகுப்புக்கு வரவில்லை, குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமைக்குள் பெற்றோருடன் நேரில் வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று இருந்தது. அந்த எட்டு மாதமும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவளோடு பேசியிருக்கிறேன். "படிப்பு எப்படிப் போகுது?" என்பேன். "நல்லாப் போகுதும்மா" என்பாள். கடிதத்தைப் படித்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடி, கையில் இருந்த சுண்ணக்கட்டி எதற்கு என்று தெரியாமல் விழித்தது நினைவிருக்கிறது. இருபத்தாறு வருடமாக ஆசிரியையாக இருப்பவள் நான்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது திருவண்ணாமலை என்றாள். அங்கே ஒரு கோச்சிடம் போய்க்கொண்டிருக்கிறேன் என்றாள். பக்கத்தில் நின்ற என் கணவர், பந்து விளையாட்டில் பைத்தியம் உள்ளவர், "எந்த ஆட்டத்துக்கு?" என்று கேட்டார். அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நான் வந்து இறங்கியது புதன்கிழமை. கல்லூரி சொன்ன திங்களுக்கு இன்னும் ஐந்து நாள்.

ஆட்டோக்காரரிடம் செங்கம் சாலை, ஆசிரமத்தைத் தாண்டி, சகுந்தலா என்பவர் வீட்டுக்குப் பக்கத்தில் என்றேன். "கோச்சம்மா வூடா? ஏறுங்க. உங்களுக்கா, வூட்ல யாருக்கானா?" என்று கேட்டார். மகளுக்கு என்றேன். "அங்க வர்றவங்க யாரையாவது இட்டுனு வருவாங்கம்மா. 'இவனுக்குத்தான், எனக்கு ஒண்ணுமில்ல'ம்பாங்க. போவும்போது பாத்தா இட்டுனு வந்தவங்கதான் கண்ணத் தொடச்சினு போவாங்க." எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆசிரமத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. பின்னால் கட்டியிருந்த பெட்டி விழுந்து வாயைப் பிளந்தது. நான் இறங்குவதற்குள் மரத்திலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டன. ஒரு பெரிய குரங்கு நெத்திலிப் பொட்டலத்தைக் கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, துப்பிவிட்டு மரவள்ளிச் சீவலை எடுத்துக்கொண்டு போனது. வரிசையில் உட்கார்ந்திருந்த காவி உடுத்தவர்களில் ஒருவர், "கொண்டாந்தது யாருக்கோ, சேந்தது யாருக்கோ" என்றார். நான் அழுதுகொண்டே நெத்திலியைப் பொறுக்கினேன்.

வாசுகி வாடகைக்கு எடுத்திருந்த அறை ஒரு மாடிப்படியின் முடிவில் இருந்தது. கறுத்திருந்தாள். காலில் செருப்பு இல்லை. நகக்கண்களில் மண். "பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். மூன்று வருடமாக இந்த ஊர்ப்பக்கத்தில் இருந்தும் "டிபன்" என்று சொல்லாமல் நம் ஊர்ச் சொல்லைச் சொன்னாள். அதைக் கேட்டதும், திட்டுவதற்காக வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் கலைந்துவிட்டன. பெட்டியைத் திறந்து, மிஞ்சிய நெத்திலியை எடுத்து வைத்தேன்.

"எனக்கு நெத்திலி பிடிக்காதும்மா."

"எப்பலேர்ந்து?"

"சின்னதுலேர்ந்தே."

"சொல்லியிருக்கலாமே."

அவள் நெத்திலியைப் பத்திரமாக மடித்து அலமாரியில் வைத்தாள்.

மாலையில் கோச்சைப் பார்க்க என்னை அழைத்துப் போனாள். ஏதோ ஒரு சாமியாரம்மா இருப்பார் என்று நினைத்துப் பழத்தட்டு வாங்கிக்கொண்டேன். மாடியில் ஒரு வெற்று அறை, மூன்று பிரம்பு நாற்காலி, ஒரு மின்விசிறி. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், சாதாரணப் பருத்திப் புடவையில் எழுந்து வந்தார். நான் சட்டென்று அவர் காலில் விழுந்துவிட்டேன். "என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றேன். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"எழுந்திரிங்க டீச்சர், முட்டி வலிக்கும். நான் சாமியாரு இல்லங்க. உங்க பொண்ண நான் புடிச்சும் வெக்கல."

சகுந்தலா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் இருந்தவர். அங்கே இந்தக் கோச்சிங் முறையைப் படித்துக்கொண்டு வந்து இங்கே அறை எடுத்திருந்தார். என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "சொல்லிக் குடுக்கறதே இல்லங்க. கேப்பேன், அவ்ளோதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம். கடைசியில அவங்களே ஒண்ணு சொல்லுவாங்க, அடுத்த வாரத்துக்குள்ள இத செய்றேன்னு. செஞ்சா செஞ்சதச் சொல்லுவாங்க, செய்யலன்னா ஏன் செய்யலன்னு பேசுவோம்." அவ்வளவுதானா என்றேன். "அவ்ளோதாங்க. ஆனா அது லேசு இல்ல" என்றார்.

வியாழக்கிழமை காலை இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். நம் ஊரில் தேங்காய்க்குப் பழகிய நாக்குக்கு அந்தச் சட்னி முதல் வாயில் மண் வாசனையாகவும் மூன்றாம் வாயில் விடமுடியாததாகவும் இருந்தது. காப்பி சின்ன டம்ளரில் வந்தது. நம் பக்கத்துக் கோப்பிக் குவளையில் இது நான்கு டம்ளர் பிடிக்கும். அன்று பதினோரு மணிக்கு வாசுகியின் முறை. அவளே கேட்டுக்கொண்டதால் என்னையும் உட்காரவிட்டார்கள். ஒரே நிபந்தனை, நான் பேசக்கூடாது.

"வாசுகி, போன வாரம் ஒண்ணு செய்றேன்னியே, செஞ்சியா?" என்று சகுந்தலா ஆரம்பித்தார்.

"செஞ்சிருப்பா. சொன்னாச் செய்யற பிள்ளைதான்" என்றேன் நான்.

சகுந்தலா என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார். "காலேஜ நெனச்சா இப்ப எப்படி இருக்குது?"

"அவளுக்கு வயிறுதான். பரீட்சைன்னாலே சின்னதுலேர்ந்து வயித்து வலி வரும்."

வாசுகி தரையைப் பார்த்தாள். சகுந்தலா என்னிடம், "டீச்சர், உங்க கிளாஸ்ல எத்தன பசங்க?" என்று கேட்டார்.

"முப்பத்திரண்டு."

"ஒருத்தன எழுப்பிக் கேள்வி கேக்கறீங்க. பக்கத்துல இருக்கறவன் பதில் சொல்லிடறான். அவன என்னா பண்ணுவீங்க?"

"வெளியே அனுப்பிடுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாசுகி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சகுந்தலா என்னை வெளியே அனுப்பவில்லை. உள்ளே போய் ஒரு கை நிறைய ஓட்டுக் கடலை கொண்டுவந்து என் மடியில் கொட்டினார். இந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். "எங்க கொல்லையில வெளஞ்ச மல்லாட்டை. வாயில பதில் வர்றப்பல்லாம் ஒண்ண உரிங்க. உரிச்சத வாயில போட்டுக்குங்க. கையும் வேலையா இருக்கும், வாயும் வேலையா இருக்கும்."

பிறகு மகளைப் பார்த்து, "உனக்கு என்னா வேணும் வாசுகி?" என்றார்.

"தெரியல."

நான் ஒன்றை உரித்தேன். என் வகுப்பில் "தெரியல" என்பது பதிலே கிடையாது. அப்படிச் சொல்பவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். என் வீட்டிலும் அதுதான் சட்டம். சகுந்தலாவோ, "சரி. தெரியாததுலயே கொஞ்ச நேரம் இருப்போம். அவசரம் இல்ல" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மின்விசிறி சுற்றியது. எங்கோ மயில் கத்தியது. இரண்டு, மூன்று, நான்கு என்று உரித்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நேரம் என் மகள் பேசாமல் இருந்து, அதை நான் நிரப்பாமல் இருந்தது இல்லை. அப்புறம் அவள் பேசினாள்.

"சேர்றதுக்கு முன்னாடி இண்டர்வியூல ஒரு சார் கேட்டாரு, நீ ஏன் டாக்டராகணும்னு. விண்ணப்பத்துல அம்மா எழுதிக் கொடுத்த கட்டுரைய அப்படியே ஒப்பிச்சேன். எட்டு வயசுல ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மாவப் பாத்தேன்னு. அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அப்படி ஒரு நர்ஸம்மாவ நான் பாக்கவே இல்ல. அதுக்கப்புறம் யார் என்ன கேட்டாலும் அந்த மாதிரி ஒண்ணுதான் வாயில வருது. ஒருநாள் வார்டுல ஒரு அம்மா என் கையப் பிடிச்சிக்கிட்டு, 'எனக்கு பயமா இருக்குது, உனக்கு பயமா இல்லியா கண்ணு?'ன்னு கேட்டாங்க. உள்ள தேடிப் பாத்தேன். பயமா இருக்கா இல்லியான்னு சொல்லக்கூட அங்க யாரும் இல்ல. மறுநாள் கட்டில்ல இருந்து எழுந்திரிக்க முடியல."

அந்த நர்ஸை நான்தான் எழுதினேன். ஒரு சனிக்கிழமை மதியம், சமையலை முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று கணவரிடம் படித்தும் காட்டினேன். இப்போது மடியில் கடலை இருந்தது, உரிக்கக் கை வரவில்லை.

முடிவில், இந்த வாரத்துக்கு என்ன என்று சகுந்தலா கேட்டார். வாசுகி நிதானமாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அம்மாவோட மலைய சுத்தி நடப்பேன். வழியில என் முடிவ நானே சொல்வேன். அதுவரைக்கும் அம்மா கேக்கக்கூடாது." சகுந்தலா, "டீச்சர்?" என்றார். நான் தலையாட்டினேன். மடியிலிருந்து ஓடுகளை அள்ளும்போது அந்தக் கைப்பிடியில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கப் போனேன். மலையில் நட மரக்கன்று வளர்க்கும் நாற்றங்கால். பிளாஸ்டிக் பைகளில் செம்மண்ணும் எருவும் நிரப்பி வரிசையாக அடுக்குகிறார்கள். கூட வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து மண் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு பெண், "டாக்டரம்மா, இந்தப் புங்கனுக்குக் காச்சலு, ஊசி போடு" என்றாள். வாசுகி ஒரு குச்சியை எடுத்து அந்தக் கன்றுக்கு ஊசி போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பல் வரிசையை நான் அப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. இவள் திரும்பப் போகமாட்டேன் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

சாலையோரம் வெளிநாட்டினர் கூடும் ஒரு கடையில் இஞ்சித் தேநீர் குடிக்க உட்கார்ந்தேன். நம் ஊரின் இழுத்து ஆற்றிய தேநீர் எங்கே, தேனும் எலுமிச்சையும் மிதக்கும் இந்தக் கஷாயம் எங்கே. பக்கத்து மேசையில் நரைத்த ஒரு வெள்ளைக்காரி தன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் கூப்பிட்டால் என் மகன் எடுப்பதில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் இங்கே வந்தேன். இது மூன்றாவது குளிர்காலம்." நல்லவேளை, நான் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டு தேநீரை முடித்தேன்.

எதிரில் இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து கணவரை அழைத்தேன். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னாங்கன்னா பொறு" என்றார். "நீங்க இங்க இருந்து பாக்கல" என்றேன். அறைக்குத் திரும்பி, அவள் இல்லாத நேரத்தில், ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். உடல்நலக் குறைவால் வர இயலவில்லை என்றும், திங்கட்கிழமை முதல் வகுப்பில் சேர்ந்து தொடர்ந்து படிக்க உறுதி அளிக்கிறேன் என்றும் என் மகள் எழுதுவதுபோல் எழுதினேன். அடியில் அவள் கையெழுத்தைப் போட்டேன். அது எனக்குக் கஷ்டமே இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுடைய படிவங்களை நிரப்பியவள் நான்தான். அந்தக் கையெழுத்தை எப்படிப் போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

சனிக்கிழமை காலை, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கும் சிநேகிதியின் உறவினரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாசுகியிடம் சொன்னேன். எட்டு மாதம் பொய் சொன்னாள் என்று அவளைக் குற்றம் சொல்ல வந்தவள், நான்காம் நாள் அவளிடம் பொய் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

கல்லூரி மூன்று மணி நேரத் தூரம். பேருந்து கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு வயலருகே பெருமூச்சு விட்டு நின்றது. "எறங்கி நெழலா நில்லுங்க, ஒரு மணி நேரமாவது ஆவும்" என்றார் நடத்துனர். சாலையோரக் கொல்லையில் பெண்கள் பிடுங்கிய கடலைச் செடிகளைக் குவித்து வைத்து, உட்கார்ந்தபடி காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நிழலுக்காக அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்த ஊருங்க? பேச்சு வேற மாதிரி இருக்குது" என்றாள் ஒருத்தி. மலேசியா என்றேன். "எம்மாந்தூரம். எங்க போறீங்க?"

"மகளோட காலேஜுக்கு."

"பொண்ணு வரலியா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"காலேஜு பொண்ணுக்கு, போறது நீங்களா? அப்ப பரிச்சையும் நீங்களே எழுதிடுங்க" என்றாள். மற்றவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். கொஞ்சம் வயதான ஒருத்தி, "சும்மா இருடி, ஊரு விட்டு ஊரு வந்த அம்மா" என்று அதட்டிவிட்டு, எனக்கு ஒரு பிடி பச்சைக் காய் கொடுத்தாள். நான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதிர்த்திசையில் திருவண்ணாமலை போகும் பேருந்து வந்து, எங்கள் வண்டி நிற்பதைப் பார்த்து நின்றது. யாராவது திரும்பப் போகிறீர்களா என்று அதன் நடத்துனர் கேட்டார். இரண்டு பேர் ஏறினார்கள். நான் ஏறவில்லை. இன்றுவரை அந்த இடத்திற்குத்தான் என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. அந்தப் பேருந்தில் இடம் இருந்தது.

அலுவலகம் மூடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். எழுத்தர் கடிதத்தை வாங்கிப் படித்து முத்திரை குத்தினார். "திங்கள்கிழமை பொண்ணோட வந்துடுங்கம்மா, பிரின்சிபால் பாப்பாரு" என்றார். திரும்பும் வழியெல்லாம் தூங்கினேன். இரண்டு மாதத்தில் அதுதான் முதல் நல்ல தூக்கம்.

ஞாயிறு விடியற்காலை நடக்க ஆரம்பித்தோம். மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். வெறுங்கால். பதினான்கு கிலோமீட்டர். "இடது ஓரமா வாங்கம்மா. மலை பக்கத்து ஓரத்துல சித்தருங்க நடக்கறதா இங்க சொல்வாங்க" என்றாள். நம்புகிறாயா என்று கேட்க வாயெடுத்து, கேட்கக்கூடாது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். வழியில் திசைக்கொரு சிறு கோயில். எம லிங்கம், நிருதி லிங்கம். சாலை செங்கம் ரோட்டைவிட்டுப் பிரிந்ததும் மரங்கள் அடர்ந்தன. என் கால் கொப்புளம் கண்டது. நாங்கள் பேசாமல் நடந்தோம். கனமில்லாத மௌனம் அது, இருவர் சேர்ந்து ஒரு பொருளைத் தூக்கிப் போவதுபோல. வருண லிங்கத்தைத் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"நாளைக்குக் காலேஜுக்குப் போறேம்மா. நீங்களும் வாங்க. ஆனா நான்தான் பேசுவேன். ஒரு வருஷம் லீவு கேக்கப் போறேன். ஏன்னு என் வாயால சொல்லப் போறேன். படிப்ப விடறதா இல்ல. ஒரு வருஷம் கழிச்சு, வார்டுல அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்தாத் திரும்ப உள்ள போவேன். என்ன வேணும்னு இன்னும் தெரியல, ஆனா இத மட்டும் ஒரு மாசமா சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன். சகுந்தலாக்கா பிரின்சிபால் மாதிரி உக்காந்து கேப்பாங்க. மொதல்ல அழுகை வந்துச்சு. இப்ப வரல."

அவள் முகத்தில் வேர்வை. அதற்குள் ஒரு வெட்கம். நான் நல்லதைச் சொல்லியிருக்கக்கூடிய இடம் அது.

"நான் நேத்தே போய்க் கொடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன்.

என்ன என்று கேட்டாள். சொன்னேன். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து நின்றாள். ஒரு காவித் துணிக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனார். அவள் கத்தியிருந்தால் எனக்குத் தெரிந்த ஏதாவது செய்திருப்பேன். அவள் கத்தவில்லை. திரும்பி நடந்தாள். வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம். மீதி வழி முழுவதும் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பிற்பகலில் நான் மட்டும் சகுந்தலாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஒரு மாசமா இப்படிப் பயிற்சி நடக்குதுன்னு நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அது அவ வார்த்த டீச்சர். நான் எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "அந்த லெட்டர எழுதும்போது உங்களுக்கு என்னா பயம்?" என்று கேட்டார்.

"தெரியல" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"சரி. அவசரம் இல்ல" என்றார்.

 முதலில் திங்கட்கிழமைக் கெடு என்றது மனம். பிறகு ஊர் என்ன சொல்லும் என்றது. எல்லாம் உரித்த ஓடு மாதிரி விழுந்த பிறகு, "அவ வேணாம்னு சொல்லிடுவாளோன்னு இல்ல. அவளே போய்ப் பேசிட்டான்னா, அப்புறம் நான் எதுக்குன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஐம்பது வயதில், என்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை முதல்தடவையாக என் குரலிலேயே கேட்டேன். ஆட்டோக்காரர் சொன்னது சரிதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படியிறங்கினேன். ஆனால் அது ஒரு நாள் தாமதமாக வந்தது.

திங்கட்கிழமை கல்லூரியில் எழுத்தர் எங்களை உள்ளே அழைத்துப் போனார். முதல்வர் கடிதத்தை மேசையில் வைத்து, "இன்னையிலேருந்து சேர்றேன்னு எழுதியிருக்கே. இது உன் கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

என் கை கைப்பைக்குள் போனது. அந்தப் பச்சைக் காய்கள் இரண்டு நாளில் வாடியிருந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல சார். எங்கம்மா போட்டது" என்றாள் வாசுகி.

முதல்வர் என்னைப் பார்த்தார். எழுத்தரும் பார்த்தார். ஆசிரியை என்று வாசுகியின் விண்ணப்பத்தில் தாய் பெயருக்கு நேராக எழுதியிருக்கும். அதை முதல்வர் படித்திருக்கக்கூடும்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஒத்திகை பார்த்ததையெல்லாம் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இத மட்டும் நீ வந்து சொல்லியிருந்தா ஒரு வருஷம் குடுத்திருப்பேன்மா. இப்ப ஃபைல்ல இன்னொருத்தர் கையெழுத்துல, இன்னைக்கே சேர்றேன்னு முத்திரை குத்தின ஒரு உறுதி இருக்கு. அத மறைச்சு நான் லீவு எழுத முடியாது. இன்னைக்கே சேர்றியா, பேர எடுத்துடட்டுமா?" என்றார்.

எனக்குள் பதில் தயாராக இருந்தது. சேர்றா சார், சேர்றா. காயை அழுத்தினேன். அது உடைந்து பால் போன்ற ஈரம் விரலில் பட்டது. வாசுகி கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்த அறையில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"எடுத்துடுங்க சார்" என்றாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அவளுக்கு வாந்தி வந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன், தடுக்கவில்லை. ஒரு அலுவலகத்தில், என் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல், அவளாகவே பதில் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. அந்தப் பதிலுக்கு அவள் ஒரு படிப்பை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் ஒரே ஒரு நாள் சும்மா இருந்திருந்தால் அவளுக்கு இரண்டும் கிடைத்திருக்கும். பலர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள். இந்தக் கணக்கு மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னைப் பேருந்தில் ஏற்ற வந்தாள். இப்போது ஒரே பெட்டிதான். மசாலைத் தூளை வைத்துக்கொண்டாள், தைலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நெத்திலியை நாற்றங்கால் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாளாம், குழம்பு வைத்துச் சாப்பிட்டார்களாம். "நல்லா இருந்துச்சாம், அம்மா" என்றாள். வண்டி கிளம்பும்போது சன்னல் வழியாக ஒரு காகிதப் பொட்டலம் நீட்டினாள். வறுத்த மல்லாட்டை. "ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். போனுக்குப் பக்கத்துல வெச்சிக்குங்க" என்றாள். சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வண்டி திரும்பிவிட்டது.

ஊர் வந்து மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு அவள் அழைத்தபோது "எப்படி இருக்கே?" என்று மட்டும் கேட்டேன். பதில் வரவில்லை. முன்பென்றால் நல்லாச் சாப்பிடுறியா, தூங்குறியா, இளைச்சிட்டியா என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லி முடித்திருப்பேன். ஒன்றை உரித்தேன். அந்தப் பக்கம் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. யாரோ பூ விற்றார்கள். என் கணவர் எதிரில் வந்து நின்று, கட்டாயிடுச்சா என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். இன்னொன்றை உரித்தேன்.

"அம்மா, இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன்.